கதவுக்காரரின் மூன்று விநாடி

போன செவ்வாய்க்கிழமை இதய வைத்தியரிடம் எனக்கு ஒரு டெர்மின், அதாவது குறித்துத் தந்த நேரம், இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே எடுத்து வைத்த டெர்மின். அந்த மூன்று மாதமும் என் இதயம் ஒரு குறையும் வைக்காமல் தன் வேலையைப் பார்த்தது. அதைக் காவல் காத்துக் காத்து நான்தான் களைத்துப் போனேன். காத்திருக்கும் அறைக்குள் காலை வைத்ததும் அது துள்ளத் தொடங்கியது. சுற்றிவர இருந்தவர்கள் எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், வரிசைப்படி பார்த்தால் எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மனதைத் தேற்றினேன். அப்போது மூலையில் இருந்த பெரிய பிளாஸ்க்கை ஒரு பெண்மணி திறந்தார். புதினாத் தேத்தண்ணியின் மணம் வந்தது.

வீட்டில் போடுகிற தேத்தண்ணியின் மணம் வேறு. இது காலையில் மொத்தமாகக் கொதிக்க வைத்து, மத்தியானம் வரை ஆறிக் கிடந்து, பிளாஸ்க்கின் வாசனையும் சேர்ந்துகொண்ட மணம். ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் மட்டும் வரும். அது மூக்கில் பட்டால் என் விரல்கள் தானாக வளையும், கையில் சாப்பாட்டுத் தட்டம் இருக்கிற மாதிரி. தட்டத்தில் ஒரு கிண்ணம் சூப், இரண்டு துண்டு பாண், ஒரு கோப்பை புதினாத் தேத்தண்ணி. எனக்கு வயது இருபத்து நான்கு.

ஜேர்மனியில் வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் நான் சேர்ந்த முதல் இடம், டோர்ட்மண்டின் வடக்குப் பக்கம் இருந்த ஒரு முதியோர் இல்லம். சமையலறையில் கோப்பை கழுவியவர் மேரி அக்கா, மன்னார்க்காரி. ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோப்பைகளோடு சண்டை பிடிப்பார். அவர் கழுவிய கோப்பைகளில் சாப்பாடு வைத்து மூன்று மாடிக்கும் கொண்டு போவது நான்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் எனக்குப் பயப்படுவதுதான் முழுநேர வேலை. தட்டம் தூக்கியது பகுதிநேரம். பொலிஸ் காரைக் கண்டால் பக்கத்தில் இருக்கும் பேக்கரிக்குள் புகுந்து வேண்டாத பணிஸ் வாங்குவேன். அந்த ஒரு வருடத்தில் ஏழு கிலோ கூடினேன், அவ்வளவும் பொலிஸ் தந்தது. அதைவிடப் பெரிய பயம் மஞ்சள் உறை. இங்கே அலுவலகங்கள் முக்கியமான முடிவுகளை மஞ்சள் உறையில்தான் அனுப்பும். எனக்கு வந்த முதல் மஞ்சள் உறைக்குள் என் அகதி அந்த்ராக்குக்கு, அதுதான் விண்ணப்பத்துக்கு, பதில் இருந்தது. நான் சொன்னவை நம்பத்தக்கவையாக இல்லையாம். நாலு மணித்தியாலம் அழுதழுது சொன்னவை. வழக்குப் போட்டுவிட்டு அடுத்த மஞ்சள் உறைக்காகக் காத்திருந்தேன். இல்லத்துக்குத் தபால்காரி வந்தால்கூட, என் விலாசம் வேறு என்பது தெரிந்தும், குளிர் அறைக்குள் போய் நின்றுவிடுவேன்.

"டேய் தம்பி, உன்னை ஒருத்தரும் திருப்பி அனுப்ப மாட்டினம். நீ உதுக்குள்ளை விறைச்சுத்தான் சாகப்போறாய்," என்று மேரி அக்கா கதவைத் தட்டுவார்.

இரண்டாம் மாடியின் கடைசி அறையில் ஹெர் வெண்ட்லின் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். சக்கர நாற்காலி. ஆனாலும் காலையிலேயே சவரம் எடுத்துக் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். முதல் நாள் தட்டத்தோடு அவருடைய கதவைத் திறக்கிறேன், உள்ளேயிருந்து ஒரு குரல் வெட்டியது.

"பத்திரம்! உன் பத்திரத்தைக் காட்டு!"

தட்டத்தை மேசையில் வைத்தேனா நிலத்தில் போட்டேனா என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகமில்லை. சூப் நிலத்தில் கிடந்ததால் இரண்டாவதாகத்தான் இருக்கவேண்டும். சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் தற்காலிக அனுமதிக் கடதாசியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். கிழவர் கடதாசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கிப் போனது.

"ஐயோ, மன்னித்துக்கொள்ளும். நடித்துக் காட்டினேன். ஹொலிவூட்டில் எத்தனையோ படத்தில் இந்த ஒரு வசனத்தைத்தான் சொன்னேன். இவ்வளவு உண்மையாக ஒருவரும் எடுத்துத் தந்ததில்லை."

சூப்பைத் துடைத்தபடி இரண்டு பேரும் சிரித்தோம். அதாவது நான் துடைத்தேன், அவர் சிரித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி சூப்புக்கு ஒரு துண்டு கதை. பெர்லினில் சின்னச் சின்ன நாடக மேடைகளில் நடித்துக்கொண்டிருந்தவர். யூதர். ஹிட்லரின் ஆட்கள் வந்ததும் கள்ளப் பத்திரத்தோடு ரயில் ஏறினார். பாரிஸ், பிறகு கப்பல், பிறகு லொஸ் ஏஞ்சல்ஸ். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். இதைக் கேட்ட அன்று மேரி அக்கா, "அட, எங்கட ஆள்தான்," என்று இரண்டு கரண்டி புடிங் கூடப் போட்டு அனுப்பினார்.

ஆங்கிலம் கதைத்தால் அவருக்கு ஜேர்மன் வாடை அடிக்கும். யுத்தம் தொடங்கியதும் அந்த வாடைக்கு வேலை வந்தது. எந்த உடுப்பைக் கண்டு ஓடி வந்தாரோ அதே உடுப்பை ஸ்டூடியோக்காரர்கள் அவருக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். கழுத்துப் பொத்தானை அவர் தன் கையால் பூட்டமாட்டாராம், உடுப்பறைப் பெண்தான் பூட்டிவிடுவாளாம். யுத்தம் இல்லாத படங்களில் ஹோட்டல் வாசல்காரர், பணக்கார வீட்டு வேலையாள், ரயில் பரிசோதகர். எந்தப் படமென்றாலும் ஒரு கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். "பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் நான் திறந்துவிட்ட கதவாலேதான் உள்ளே போனார்கள்," என்பார். மேரி அக்கா பெயரே வைத்துவிட்டார், கதவுக்காரர் என்று. பிறகு தொலைக்காட்சி வந்ததும் கௌபோய் தொடர்களில் சவப்பெட்டி செய்கிறவராக நடித்தார். பிறகு அதுவும் வரவில்லை. மனைவி போனதும், உயிர் தப்பியிருந்த ஒரே தங்கச்சி டோர்ட்மண்டில் இருக்கிறாள் என்று திரும்பி வந்தார். இரண்டு வருடத்தில் தங்கச்சியும் போய்விட்டாள்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன வேடக்காரர்களின் பெயர் படத்தில் ஓடாது. புகைப்படங்கள் இருந்த பெட்டி திரும்பி வந்த வழியில் தொலைந்து போனதாம். பக்கத்து அறையில் இருந்த ஃப்ராவ் கெஸ்லர், பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், எல்லோருக்கும் கேட்கவே சொல்வார்: "ஹொலிவூட்டாம்! அங்கே கோப்பை கழுவியது மட்டும் உண்மையாக இருக்கும்." நான் நம்பினேனா? சூப் கொடுக்கும்போது நம்புவேன். படியிறங்கும்போது சந்தேகம் வரும்.

ஒரு நாள் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவருடைய படம் ஒன்று காட்டப் போகிறார்கள்.

"ரயில் நிலையத்தில் கதாநாயகி கள்ளப் பத்திரத்தோடு நிற்பாள். சோதிக்கிற அதிகாரி நான். எழுதியிருந்தபடி பார்த்தால், பார்த்துவிட்டு முத்திரை குத்தவேண்டும், அவ்வளவுதான். நான் பத்திரத்தைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். மூன்று விநாடி. கள்ளம் என்று இவனுக்குத் தெரிந்துவிட்டது என்று சனத்துக்கு விளங்கும் மட்டும் பார்த்தேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன். இயக்குநர் அதை அப்படியே விட்டார்."

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

"எல்லையில் என் பத்திரத்தைப் பார்த்தவன் அப்படித்தான் பார்த்தான். எல்லாம் விளங்கிக்கொண்டு திருப்பித் தந்தான். அவனுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த முகத்தை எங்கேயாவது வைத்துவிட வேண்டும் என்று இருந்தேன். இந்த ஒரு படத்தில்தான் இடம் கிடைத்தது." பிறகு என் கையைப் பிடித்தார். "எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாரும். முக்கியமாக ஃப்ராவ் கெஸ்லரை."

ஊரில் சினிமா விளம்பரத்துக்கு ஒலிபெருக்கி கட்டிய கார் போகுமே, அந்த மாதிரி மூன்று மாடியும் திரிந்து சொன்னேன். சனிக்கிழமை இல்லத்து மண்டபத்தில், தொலைக்காட்சிக்கு முன்னால், முப்பது பேர். மெழுகு போட்டுத் துடைத்த நிலத்தின் மணம். ஹெர் வெண்ட்லின் முன் வரிசையில், புதுக் கழுத்துப்பட்டியோடு. "குரல் வேறு யாருடையதாவது இருக்கும், ஜேர்மன் மொழியில் மாற்றியிருப்பார்கள். முகம் என்னுடையது," என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதாநாயகி ரயில் நிலையத்துக்குள் போனாள். புகை வந்தது. அவருடைய கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. அடுத்த காட்சியில் அவள் ஓடுகிற ரயிலுக்குள் இருந்து யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "வரும், வரும்," என்றார். ரயில் நாடு கடந்தது. படம் முடிந்தது. அவர் வரவில்லை.

"ஹெர் வெண்ட்லின், நான் கண்ணைக் கொட்டிய நேரத்தில் வந்துபோய்விட்டீர்களோ?" என்று ஃப்ராவ் கெஸ்லர் கேட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். 'இவர் பொய் சொல்கிறவர் இல்லை' என்று சொல்ல நாலு சொல் போதும், அந்த நாலு சொல்லும் எனக்கு ஜேர்மன் மொழியில் தெரியும். ஆனால் முப்பது பேர் என்னைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும், பயம் வந்தால் என் வாயிலிருந்து பகிடிதான் வரும். மற்றவர்களுக்கு விக்கல் வருவதுபோல.

"ஹெர் வெண்ட்லின் ரயிலின் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்!" என்றேன்.

மண்டபம் வெடித்தது. ஃப்ராவ் கெஸ்லருக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஜேர்மன்காரர்களை நான் சிரிக்க வைத்தது அதுதான் முதல் தடவை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக, புளுகமாக இருந்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். நடிகர் அல்லவா.

"சரியான இடத்தில் சொன்னீர்," என்றார் என்னிடம். "அது எல்லோருக்கும் வராது. இனி என்னை அறைக்குக் கொண்டுபோய் விடும்."

மண்டப வாசலில் துவாயோடு நின்ற மேரி அக்கா, நான் திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஜேர்மன் மொழி அவ்வளவு ஓடாது. "என்னடா சொன்னனி? ஏன் எல்லாரும் சிரிச்சவை? அந்த மனுசன்ரை முகத்தைப் பாத்தனியே?"

"சும்மா பகிடிக்கு அக்கா."

"ஆருக்குப் பகிடி?"

அதன் பிறகு அவர் என்னிடம் பத்திரம் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் கதவைக் கொஞ்சம் மெதுவாகத் திறந்து பார்த்தேன், அந்தக் குரல் வருமோ என்று. "நன்றி" மட்டும் வந்தது. அகராதி பார்த்து ஒரு மன்னிப்பு எழுதினேன், உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில். நாளைக்கு, நாளைக்கு என்று வைத்திருந்து அது காற்சட்டைப் பைக்குள்ளேயே தோய்ந்து போனது. மாசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பாதிக் காய்ச்சல், பாதிக் கள்ளம். மூன்று நாள் லீவு எடுத்தேன். நாலாம் நாள் தட்டத்தோடு போனால் கட்டிலில் விரிப்பு இல்லை, யன்னல் திறந்து கிடந்தது.

அடுத்த வருடம் நீதிபதி என் கதையை நம்பினார். அதே கதைதான். ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். அந்த ரயில் கதவுப் பகிடியை நான் விட்டுவிடவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக, கலியாண வீடு, பிறந்தநாள் மண்டபம், சாமத்தியவீடு என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். "அண்ணை, அந்த ஹொலிவூட் கிழவன்ரை கதையை எடுத்து விடுங்கோ," என்று கேட்டு வாங்குவார்கள். எல்லையில் பத்திரத்தைத் திருப்பித் தந்தவனை மட்டும் விட்டுவிடுவேன். அவன் வந்தால் கதை நீண்டு பகிடி கெட்டுவிடும்.

செவ்வாய்க்கிழமை வைத்தியர், "உங்கள் இதயம் உங்களைவிட அமைதியாக இருக்கிறது," என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் கேல்ன் நகரத்தில் படிக்கும் மகள் வந்திருந்தாள். புதினாத் தேத்தண்ணி பற்றித் தொடங்கி, எப்படியோ முதல் தடவையாக எல்லைக்காரனையும் சேர்த்து முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, யுத்தம் முடிஞ்ச காலத்திலை இங்கை அப்பிடியான படங்களிலை நாசிக்காரர் வாற இடங்களை வெட்டிப்போட்டுத்தான் காட்டினவை. சனம் பாக்க விரும்பாதெண்டு. அந்த வெட்டின பிரதிதான் பிறகு ரீவியிலையும் ஓடினது. உங்களுக்குத் தெரியாதே?"

"ஆர் சொன்னது?"

"நாங்கள் படிச்சனாங்கள். படத்தின்ரை பேரைச் சொல்லுங்கோ."

பெயரை நான் மறக்கவில்லை. வெட்டாத ஆங்கிலப் பிரதியைப் பத்து நிமிடத்தில் மடிக்கணினியில் எடுத்துவிட்டாள்.

நிலையம். புகை. அவர் வந்தார். கன்னம் ஒட்டிய இளம் ஆள், கழுத்துப் பொத்தான் இறுக்கிப் பூட்டியிருந்தது. "பத்திரம்," என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் சூப்பைக் கொட்ட வைத்த அதே குரல். பத்திரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மகள் மெல்ல எண்ணினாள். "ஒண்டு... ரெண்டு... மூண்டு." திருப்பிக் கொடுத்தார். அவள் ஏறியதும் ரயில் கதவை அவர்தான் சாத்திவிட்டார். மற்றப் பக்கத்துக் கதவை அல்ல, படம் பார்க்கிற எங்கள் பக்கத்துக் கதவை.

"பாவம் அப்பா," என்றாள் மகள். அவரைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ரயிலேறி டோர்ட்மண்டின் அந்த வடக்குப் பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது, யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. இல்லத்தை இடித்துப் பல வருடமாம். அந்த இடத்தில் வெள்ளைச் சுவரும் கண்ணாடிப் பலகணியுமாக அடுக்குமாடி வீடுகள். மண்டபம் இருந்த இடம் கார்கள் கீழே இறங்கும் சரிவாக இருந்தது. மேரி அக்கா மகனோடு கனடாவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். ஃப்ராவ் கெஸ்லருக்கு அப்போதே எண்பத்தாறு. முன் வரிசை, நடு வரிசை, பின்னால் நாற்காலியில்லாமல் நின்ற தாதிமார் இரண்டு பேர், அவர்களும் அப்போதே ஓய்வுக்கு நெருங்கிய வயது. எல்லோரும் அவரைப் பொய்யர் என்று நினைத்தபடியே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அன்றைக்கு அங்கே சிரித்தவர்களில் மிச்சம் இருப்பது நான் மட்டும்தான்.