ஒரு நொடி, நாலு மீட்டர்

நீரூற்று பொருத்தும் அம்மாள் எந்த வேலையிலும் முதலில் ஒரு அட்டையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிடுவார். இடப்பக்கம் தண்ணீர் போகும் தூரம், வலப்பக்கம் அதன் உயரம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி. ஒரே பெஞ்சுல ஒக்கார வச்சா வேலை கெட்டுடும். நேரம்தான் தரகர். ரெண்டு வீட்டுக்கும் அதுதான் போய்ட்டு வரணும்" என்பார்.

மாடியில் நிற்கும் கணவருக்குச் சாவியை எறியும்போதும் கண்ணை இடுக்கி இதையே முணுமுணுப்பார். கணவர் இருபது வருடமாகக் கையை நீட்டி நிற்பதோடு சரி. வந்து சேர்வது சாவியின் பொறுப்பு.

அன்று ஒரு விடுதியின் வரவேற்பறை. சுவர்க் குழாயிலிருந்து கிளம்பும் தண்ணீர், நடைபாதையில் போகிறவர் தலைக்கு மேல் தாவி, எதிரே கல்தொட்டியில் விழ வேண்டும். எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தொட்டியை வைத்திருந்தார். காலைச் சோதனையில் தண்ணீர் தொட்டியை மதிக்காமல் தாண்டிப்போய் மேலாளர் மடியில் உட்கார்ந்தது.

"இன்னொரு தடவை நனைஞ்சேன், குழாயோட நீங்களும் வெளிய போயிடுங்க."

மூன்று மாத உழைப்பு. அம்மாள் எஞ்சினியரின் தாளை வாங்கிப் பார்த்தார். குழாயின் வாய் தொட்டி விளிம்பைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாளில் அந்த ஒரு மீட்டரைக் காணோம்!

"மாடியிலேர்ந்து குதிக்கிற தண்ணிய இவரு தரையிலேர்ந்து குதிக்க வச்சிருக்காரு."

அட்டையில் கோடு இழுத்து இடப்பக்கம் எழுதினார்: நொடிக்கு நாலு மீட்டர் முன்னே. வலப்பக்கம்: ஒரு மீட்டரில் தொடக்கம், நொடிக்கு நாலு மீட்டர் மேலே, பூமி கீழே இழுப்பது நேரத்தின் வர்க்கத்தைப் போல் ஐந்து மடங்கு. விளிம்புக்கு எப்போது வரும்? ஒரு நொடி வைத்துப் பார்த்தார்: ஒன்றும் நாலும் ஐந்து, அந்த ஐந்தையும் பூமி எடுத்துக்கொண்டால் மிச்சமில்லை. சரியாக ஒரு நொடி. தரகர் அந்த நொடியை இடப்பக்க வீட்டில் சேர்த்தார். நாலு மீட்டர்.

"தொட்டி மூணு மீட்டர் இருபதுல நிக்குது. எண்பது சென்டிமீட்டர் பின்னால தள்ளுங்க."

தள்ளினார்கள். பம்ப் அருகே உதவிக்கு நின்ற அம்மாளின் கொழுந்தனார் சும்மா இருப்பாரா? "அண்ணி, தண்ணிக்குக் கணக்கு தெரியுமா?"

"அதுக்கு நல்லாத் தெரியும் கொழுந்தனாரே. அந்தத் தாளுக்குத்தான் தெரியல. வால்வைத் திறங்க. சார், நீங்க நடைபாதையில நில்லுங்க."

மேலாளர் நின்றார், தலையோடு ஒட்டிய குடையுடன்.

தண்ணீர் கிளம்பியது, குடைக்கு மேல் வளைந்தது. அம்மாள் "ஒண்ணு" என்று முடிக்கும்போது தொட்டியின் நட்டநடுவில் விழுந்தது. கொழுந்தனார் விசிலடித்தார். வரவேற்பறையே கை தட்டியது.

அம்மாள் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளைவுக்கு அடியில் நடந்துபோய், மேலாளர் கையிலிருந்த குடையை வாங்கி, நிதானமாக மடக்கி, அவர் முழங்கையிலேயே மாட்டிவிட்டார்.