வாங்காத பணத்துக்கு வரி

கள்ளிக்குப்பத்தில் எங்கள் மனையை இரண்டாகப் பிரித்து, பின்பக்கத்தை மட்டும் விற்றோம். என் கணவருக்குக் குடலில் புற்றுநோய். ஆபரேஷனுக்கும் அதற்குப் பிறகு போட வேண்டிய ஊசிகளுக்கும் வேறு வழி தெரியவில்லை. வீடு இருந்த முன்பக்கத்தைத் தொடவில்லை.

பின்பக்கம் ஒரே பள்ளம். ஐப்பசியில் நின்ற தண்ணீர் தை பிறந்தால்தான் வடியும். தெருவுக்கு வழியும் கிடையாது. வெளியாள் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர், ஏதோ எங்களுக்கு உபகாரம் செய்வதுபோல, அடிமாட்டு விலைக்கு வாங்கினார். பத்திரம் எழுதியவரோ அந்தத் தெருவுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையே விலையாகப் போட்டார். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அங்கே ஒரே மதிப்புதான்.

"இப்டி போட்டாதாம்மா சட்டுனு பதிவாகும். இல்லாட்டி இழுத்துகினே கெடக்கும்" என்றார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஊரெல்லாம் வாங்கியதைக் குறைத்து எழுதும். நாங்கள் வாங்காததையும் வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

மறு வருடம் வருமான வரிக்காரர்கள் கணக்குக் கேட்டார்கள். பாடியில் ஓர் ஆடிட்டரைப் போய்ப் பார்த்தோம். பத்திரத்தில் உள்ள விலைக்குத்தான் வரி என்றார். அந்தப் பணத்தில் வேறு வீடு வாங்கியிருந்தால் விலக்கு கிடைத்திருக்குமாம்.

"ஆஸ்பத்திரிக்குக் குடுத்ததுக்கு?" என்றேன்.

"அதுக்கு இல்லம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குச் செலவழித்தால் சலுகை, உயிருக்குச் செலவழித்தால் தண்டமா, எந்த மகராசன் போட்ட சட்டம் இது என்று அந்த நல்ல மனிதரிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார், பாவம்.

என் கணவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நான் பூட்டா இந்த வரியும் பூடுமா சார்?" என்று கேட்டார்.

ஆடிட்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லீங்க. சொத்து யாருக்கு வருதோ, அவங்க கட்டணும்."

வங்கியில் மிச்சமிருந்தது பாக்கி ஊசிகளுக்கான பணம் மட்டும்தான். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவர் சொன்னார்: "அத்த எடுத்துக் கட்டிடு."

முன்பக்கத்தையும் விற்றுவிடலாம் என்று கெஞ்சினேன்.

"அப்பால நீ எங்க கீறது?" என்றார்.

வீட்டில் சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன், காலைப் பிடித்து அழுதேன். மனிதர் அசையவில்லை. வரியைக் கட்டினோம். அடுத்த ஊசிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, வரவில்லை என்று அவரே சொல்லி வைத்துவிட்டார்.

கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார். வீடு இப்போது என் பெயரில் இருக்கிறது. பாக்கி என்று என்னிடம் யாரும் எதுவும் கேட்டு வரவில்லை.