தோ கும்ரேயின் முதல் சீட்டுக்கட்டு

பூசானின் சோமியோனில் குறி சொல்கிறவர்களின் கூடார வரிசை முடிகிற இடத்தில், மாடிப்படியை ஒட்டி என் கடை. மீன் விழுதை அவித்துக் குச்சியில் குத்தி, முள்ளங்கி போட்ட சூப்பில் மிதக்கவிட்டு விற்கிறேன். மாடியில், படச் சீட்டு வைத்துக் குறி சொல்லும் பியோவின் டாரட் அறை. மேலே ஏறுகிறவர்கள் பயத்தோடு ஏறுவார்கள், பசியோடு இறங்குவார்கள். அவரால்தான் எனக்குப் பாதி வியாபாரம். ஆனாலும் அந்த ஆளை நினைத்தால் எனக்கு வாயில் கசக்கிறது. காரணம் கும்ரே.

தோ கும்ரே மிர்யாங் ஊர்க்காரி. புருஷன் ஒரு லாரியோடு போனவன் திரும்பவில்லை. அவள் முதியோர் மருத்துவமனைகளில் நோயாளிகளின் பக்கத்திலேயே கிடந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். மலம் அள்ளுவாள், சீழ் துடைப்பாள், படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அதே அறையில் உட்கார்ந்து சோற்றைக் கிம்ச்சியோடு சாப்பிடுவாள். "அருவருப்பா இல்லையா உனக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உடம்புன்னா நாறத்தான் செய்யும் அக்கா. கழுவினா போச்சு," என்றாள்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் முதுகுத் தட்டு விலகியது. ஆளைத் தூக்கிப் புரட்டுகிற வேலை இனிமேல் கூடாது என்றார் மருத்துவர். உட்கார்ந்து செய்கிற வேலை எதையாவது தேடி அலைந்தாள். பியோவின் படிக்கட்டில் ஒரு அட்டை தொங்கியது: புதியவர்களுக்கு டாரட் கற்றுத்தரப்படும், தேறினால் இங்கேயே மேசை. ஒரு குளிர்காலக் காலையில் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே போனாள். இறங்கி வரும்போது கையில் வெல்வெட் பை.

"முதல் சீட்டுக்கட்டு குருவோட கையாலதான் வரணுமாம் அக்கா. கடையில வாங்கினா பேசாதாம்," என்று சொல்லிப் பையை என் பலகையில் கவிழ்த்தாள்.

நான் அதைத் தொடவில்லை. எழுபத்தெட்டு சீட்டுக்கும் ஓரம் கறுத்திருந்தது. காய்ந்த கணவாய் மீனின் வாடை, அதன்மேல் ஏதோ அத்தர், அதற்கும் மேல் யார் யாருடையதோ வியர்வை. பியோ நாள் முழுக்கக் கணவாயைக் கிழித்து மென்றுகொண்டேதான் குறி சொல்வார். விரலைத் துடைக்க அவருக்கு வேறு துணி கிடையாது போல. இரண்டு சீட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கும்ரே நகத்தால் பிரித்தாள். நடுவில் ஒரு ஒட்டு இமைமுடி, எவளோ ஒருத்தி அழுதபோது கழன்றது, பூச்சிக்கால் மாதிரி நசுங்கிக் கிடந்தது.

சீழைத் துடைத்த அந்தக் கை அன்றைக்கு முதன்முறையாகப் பின்னால் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஊசி போடும்முன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு அவள் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து ஒவ்வொரு சீட்டாகத் துடைத்தாள். பஞ்சு பஞ்சாகக் கறுப்பு வந்தது. மறுநாள் அதற்காகப் பியோ எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டாராம். "கும்ரேம்மா, அது பன்னெண்டு வருஷத்துக் கண்ணீர். மூத்திரச் சட்டி மாதிரி தேச்சு வெச்சிருக்கியே."

"மூத்திரச் சட்டியை நான் இதைவிடச் சுத்தமா வெச்சிருந்தேன் சார்," என்றிருக்கிறாள் இவள். மற்றவர்கள் சிரித்ததை அவர் மறக்கவில்லை.

பாடம் எளிதாகத்தான் ஆரம்பித்தது. காலையில் ஒரு சீட்டை எடு, பார், நாள் முழுக்க அதை மனதில் வைத்துக்கொள். என் சூப் கொதித்து வருவதற்குள் கும்ரே வந்துவிடுவாள். பலகையின் ஓரத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து ஒரு சீட்டை வைப்பாள். கோப்பை, வாள், கோல், காசு என்று நான்கு வகை. அது போக இருபத்திரண்டு பெரிய சீட்டு. தலைகீழாக வந்தால் ஒரு அர்த்தம், நேராக வந்தால் ஒரு அர்த்தம். மனப்பாடம் அவளுக்கு வரவே இல்லை. படத்தைப் பார்த்துத் தனக்குத் தோன்றியதைத்தான் சொன்னாள். முதுகில் பத்து வாள் குத்திக் குப்புறக் கிடக்கிறவனைப் பார்த்து, "இவனைப் புரட்டிப் போட ஆளில்லை அக்கா, அதான் இப்படி ஆயிட்டான்," என்றாள். எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிற சாவுச் சீட்டை நான் பார்க்க மறுத்தேன். அவள் விரலால் காட்டினாள். "எல்லாரும் விழுந்து கிடக்காங்க, கெஞ்சுறாங்க, மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. இந்தக் குழந்தை மட்டும் பூவை வெச்சுக்கிட்டு நேரா பாக்குது. வார்டுலயும் அப்படித்தான். பேரப்பிள்ளைங்கதான் பயப்படாம கிட்ட வரும்."

ஒருநாள் எனக்கே மூன்று சீட்டு வைத்தாள். என் மகன் சியோலில் என்ன செய்கிறான் என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "தெரியலை அக்கா. போன் பண்ணிக் கேளுங்களேன்," என்றாள்.

இப்படிச் சொன்னால் பிழைப்பு எப்படி நடக்கும்? பியோ மேசை கொடுத்ததும் அவளுடைய முதல் வாடிக்கையாளராக ஒரு கல்லூரிப் பெண் வந்தாள்; காதலன் பதில் போடுவதில்லையாம். கும்ரே சீட்டை அவள் பக்கம் திருப்பி வைத்து, இரண்டு பேருமாகப் படம் பார்த்து, கடைசியில் இரண்டு பேரும் சிரித்து, அந்தப் பெண் மனசு லேசாகி இறங்கி வந்து என்னிடம் நான்கு குச்சி வாங்கித் தின்றுவிட்டுப் போனாள். மேலே பியோவின் குரல் படி வழியாகக் கேட்டது.

"சிரிச்சுட்டுப் போனவ எதுக்கு மறுபடி வருவா? போகும்போது சின்னதா ஒரு முள்ளை வெச்சு அனுப்பணும். பெருசா வேண்டாம். ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு."

அன்று மாலை கும்ரே கீழே வந்து நெடுநேரம் கை கழுவினாள். "இன்னொன்னு சொல்லவா அக்கா? ரெண்டாவதா வந்தவளுக்கு அவர் சொன்ன மாதிரி ஒரு முள்ளை வெச்சேன். சும்மா, 'வீட்டுல வயசானவங்க யாராவது இருக்காங்களா'ன்னு கேட்டுட்டு நிறுத்திக்கிட்டேன். அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. அப்போ எனக்கு நல்லா இருந்துச்சு அக்கா. முதலாளி மாதிரி இருந்துச்சு. அதான் குமட்டுது." அதற்குப் பிறகு மேசையில் உட்கார மறுத்தாள். சரி, பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டுக் கற்றுக்கொள் என்றார் பியோ.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் தக் மிரான் வந்தாள். புஜோன் சந்தையில் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவள். பியோவின் பழைய வாடிக்கை. குடையை மடக்கி வைத்ததும் கேட்டாளாம், "சார், நீங்க சொன்னபடியே போன கோடையிலேர்ந்து அம்மாவைப் பாக்கப் போகலை. தோஷம் இந்த மாசத்தோட முடியுதுன்னு சொன்னீங்களே?"

பியோ சீட்டைக் கலைத்துப் பரப்பி, கணவாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "இன்னும் உங்க நிழல் அவங்க மேல படக்கூடாதும்மா. போனீங்கன்னா அவங்க ஆயுசுதான் குறையும். வசந்தம் வரட்டும்."

மிரான் அழுதாள். "செருப்புத் தொழிற்சாலையில ரெண்டு விரலை மெஷினுக்குக் குடுத்துட்டு, மிச்ச விரலால எனக்குச் சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினவ சார். என்ன நினைச்சுக்கிட்டிருப்பாளோ."

கும்ரேவுக்கு அந்தக் கை தெரியும். கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையில் தினமும் காலையில் வெந்நீரில் அந்தக் கையைத் துடைத்துவிட்டவள் அவள்தான். பாங் அம்மாள். ஞாயிற்றுக்கிழமையானால் தலை வாரிவிடச் சொல்லி, கதவைப் பார்த்தபடி கட்டிலில் சாய்ந்திருப்பாள். சாயங்காலம் வரைக்கும் யாரும் வரமாட்டார்கள். வராத மகளை எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருப்பாள் கும்ரே. பெத்த தாயைக் குப்பை மாதிரிப் போட்டுட்டுப் போனவ என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

"உங்க அம்மா பேரு பாங் ஓக்பூன்தானே?" என்றாள் கும்ரே.

பியோ முறைத்தார். "கத்துக்க வந்தவங்க வாயைத் திறக்கக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை தலை வாரிக்கிட்டு உங்களுக்காக உக்காந்திருப்பாங்க. நான்தான் வாரிவிடுவேன். எந்தத் தோஷமும் இல்லைம்மா. இந்த ஆளு பொய் சொல்றாரு. எந்திரிங்க, இப்பவே போகலாம்."

மிரான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குன்றிப்போயிருப்பார்கள். பியோ மென்றதை நிறுத்தினார், அவ்வளவுதான். பிறகு மெதுவாகச் சீட்டுகளின் மேல் கையை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார், "பாத்தீங்களா. இந்தம்மாவை இங்க கொண்டுவந்து உக்கார வெச்சது யாருன்னு நினைக்கிறீங்க? சீட்டுதான். அனுமதி வந்துடுச்சு. போய்ட்டு வாங்க."

மிரான் அவருக்கு இடுப்பு வளைத்து வணங்கினாள். ஒருமுறை அல்ல, வாசலுக்குப் போகும்வரை.

கும்ரே என் கடைக்குப் பின்னால் இருக்கிற சாக்கடையில் வாந்தியெடுத்துவிட்டுத்தான் மிரானோடு டாக்ஸியில் ஏறினாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "இத்தனை வருஷத்துல ஒரு நாத்தத்துக்கும் வராதது," என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு.

மருத்துவமனையில் என்ன நடந்தது என்று பிறகு அவளே சொன்னாள். பாங் அம்மாள் பாதியாக இளைத்திருந்தாள். மகளைப் பார்த்தாள். "யாரு?" என்றாள். மறந்துபோய்க் கேட்டாளா, கோபத்தில் கேட்டாளா என்று யாருக்கும் புரியவில்லை. மிரான் கையைப் பிடித்ததும் இழுத்துக்கொண்டாள். கஞ்சி வந்தது. மிரான் ஊட்டினாள், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்தபடியே. கிளம்பும்போது மட்டும், "பஸ் இருக்கா?" என்று கேட்டாளாம்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். கும்ரே அன்றோடு மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆனால் மிரான் நிறுத்தவில்லை. என்றைக்கு அம்மாவைப் பார்க்கப் போகலாம், என்றைக்குக் கூடாது என்று பியோவிடம் கேட்டுக்கொண்டுதான் போனாள். அவர் சொன்ன நாளில் பழமும் பாலும் வாங்கிக்கொண்டு போவாள். அவர் கூடாது என்ற நாளில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தாலும் போகமாட்டாள். கும்ரே இரண்டு முறை அவள் கடைக்கே போய்ச் சண்டை போட்டாள். துணி அளந்துகொண்டே மிரான் கேட்டுக்கொண்டாள்.

மார்ச் மாதத்தில், ஒரு கூடாத நாளில், பாங் அம்மாள் இறந்தாள். பக்கத்தில் இருந்தது முன்பின் தெரியாத ஒரு புதுப் பணிப்பெண்.

துக்க மண்டபத்துக்கு நானும் கும்ரேயும் போனோம். வாசலில் வெள்ளைச் சாமந்தி வளையம் ஒன்று, ஆள் உயரத்துக்கு. அதன் ரிப்பனில் பியோவின் டாரட் அறைப் பெயர், கீழே தொலைபேசி எண்ணோடு. சாவு வீட்டில் விளம்பரம். கும்ரே அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முதுகு வலியோடு அந்த வளையத்தைக் கட்டிப் பிடித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். உள்ளே காரமான மாட்டிறைச்சிச் சூப்பும் சோறும் வைத்தார்கள். சாவுகளுக்கு நடுவிலேயே வாழ்நாளெல்லாம் சாப்பிட்டவளுக்கு ஒரு கரண்டி இறங்கவில்லை. நாங்கள் செருப்பு மாட்டும்போது பார்த்தேன், யாரோ வளையத்தை மறுபடி நேராகத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் கும்ரே வெல்வெட் பையோடு கடைக்கு வந்தாள். எரித்துவிடு என்றேன்.

"எரிச்சா அதுக்கு என்னமோ சக்தி இருக்குன்னு ஆகிடும் அக்கா," என்று சொல்லி, முள்ளங்கித் தோலும் உடைந்த குச்சிகளும் கிடந்த என் குப்பைப் பையில் எழுபத்தெட்டையும் கொட்டி, முடிச்சுப் போட்டுத் தெருவில் வைத்தாள்.

இப்போது அவள் வேறொரு மருத்துவமனையில் அரை நாள் வேலை பார்க்கிறாள். தூக்குகிற வேலையில்லை, ஊட்டுவது, நகம் வெட்டுவது, தலை வாருவது. பியோவின் கடைக்கு இன்னொரு கிளை வந்துவிட்டது. அவர் என் கடைக்கு வந்தால் கடித்த குச்சியையே எல்லாருக்கும் பொதுவான சோயா சாஸ் கிண்ணத்தில் முக்குவார். அவர் போனதும் கிண்ணத்தைக் கொட்டிக் கழுவுகிறேன்.

போன வாரம் கும்ரே வேலைக்குப் போகிற வழியில் என் கடையில் நின்றிருந்தாள். மிரான் வந்தாள், துக்கத்துக்குக் குத்திய வெள்ளை ரிப்பன் ஊசி தலையில். நேரே படிக்கட்டுக்குப் போனாள். கும்ரே குறுக்கே போய் நின்றாள்.

"இன்னும் என்னம்மா கேக்கப் போற? அதான் போய்ட்டாங்களே."

"அம்மாவுக்கு என்மேல கோபம் தீந்துச்சான்னு கேக்கணும். இன்னும் தீரலைன்னு சார் சொல்றாரு."

"அவங்க உனக்கு பஸ் இருக்கான்னுதானே கேட்டாங்க. அதைவிட என்ன வேணும் உனக்கு?"

மிரான் அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க நல்லவங்க அக்கா. ஆனா உங்களுக்குச் சீட்டுப் படிக்கத் தெரியாது," என்றாள். விலகிப் படியேறினாள்.

கும்ரே திரும்பி வந்து சூப்புக் கோப்பையை எடுத்தாள். பாதி குடித்தாள். "ஆறிப்போச்சு," என்று கீழே வைத்துவிட்டு, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.