கல்குவாரியில் ஒரு முங்கல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முத்துக்குளித்த ஊரில் பிறந்து, துறைமுகத்து சங்கு ஊதினால் கேட்கும் தூரத்தில் வளர்ந்த எனக்கு, கடலில் போனால் வாந்தி வரும்.

இப்படிப்பட்டவன் ஐம்பது தாண்டிய வயதில் ஸ்கூபா டைவிங் வகுப்பில் சேருவானா? சேர்ந்தான். ஏன் என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டே பதில் கிடைக்கவில்லை.

சொல்லிக்கொடுப்பவர் ஜெரால்டு. கப்பலில் வேலை பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தவர். நீச்சல் குளத்தில் என்னை எப்படியோ தேற்றிவிட்டார். கடலில் முதல் நாள்... தண்ணீரைத் தொடும் முன்பே, காலையில் தின்ற இட்லியைத் தருவைகுளம் கடல் மீன்களுக்குப் பரிமாறிவிட்டேன். போதாததற்குக் காற்றுக்காலம் வேறு. கடல் டீ நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

"அண்ணாச்சி, அலையில்லாத நல்ல தண்ணியாப் பாத்து ஒரு தடவ முங்கிப் பாப்போம். கல்குவாரி ஏதும் கெடைக்கும்லா? அதுலயும் ஒத்துவரலன்னா விட்டுருவோம்" என்றார்.

அதாவது, இது எனக்குக் கடைசி வாய்ப்பு.

இவ்வளவு பெரிய கடலை வாசலில் வைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம் தேடி மேற்கே அலைந்த முதல் தூத்துக்குடிக்காரன் நானாகத்தான் இருப்பேன். குவாரிகளுக்குப் பஞ்சமில்லை. அனுமதிக்குத்தான் பஞ்சம். ஒரு குவாரியில் வாட்ச்மேன் மறித்தார்.

"குளிக்கக் கூடாது."

"குளிக்க வரலை. அடியில போய்ப் பாக்கணும்."

"அடியில என்ன கெடக்கு?"

"தெரியாது. அதான் பாக்கணும்."

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்டைப் பூட்டினார்.

கடைசியில் மாட்டியது, உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சியின் பட்டா நிலம். கல் எடுத்து முடித்து, தண்ணீர் நிறைந்து நிற்கும் குழி. "தாராளமா முங்குங்க" என்றார். "ஆனா ஊர்ல ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்குங்க, என்ன?"

சரி என்றேன். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, அதை அப்படியே மறந்தும் போனேன்.

சனிக்கிழமை காலை. இஸ்திரி போட்ட மாதிரி ஒரு சுருக்கம் இல்லாத பச்சைத் தண்ணீர். ரப்பர் உடைக்குள் என்னைத் திணிப்பதற்குள் ஜெரால்டுக்கு வியர்த்துவிட்டது. உப்புத் தண்ணீர்தான் ஆளைத் தூக்கிக் கொடுக்குமாம். நல்ல தண்ணீரில், ஆளை அமிழ்த்த இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளைக் குறைக்க வேண்டுமாம். தன்னுடையதைக் குறைத்தார். என் தொப்பையைப் பார்த்தார். "ஒங்களுக்கு இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். ஆட்டை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் பள்ளத்தின் விளிம்பெல்லாம் ஆட்கள். யாரும் கிட்டே வரவில்லை. எல்லார் காதிலும் போன்.

"ஏலே, எங்கன இருக்க?... ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்."

"ஏளா, தம்பி வீட்லதான இருக்கான்? நல்லாப் பாத்துச் சொல்லு."

ஊரே தன் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிலிண்டரும் கண்ணாடியுமாக ஆட்கள் ஒரு குவாரிக்கு வந்தால், இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே யாரோ மூழ்கிக் கிடக்கிறார்கள்.

ஒரு போன் மட்டும் எடுக்கப்படவில்லை. முத்துக்கனி என்ற ஓர் அம்மா சரிவில் இறங்கி ஓடி வந்தார். "எம் மவன் போன எடுக்க மாட்டேங்கான். இங்கனதான் குளிக்க வருவான். யாரு சொன்னாவ ஒங்களுக்கு? யாரு பாத்தா?"

"யாரும் சொல்லலக்கா" என்றார் ஜெரால்டு. "நாங்க சும்மா பழகத்தான் வந்தோம்."

"சும்மாவா? சும்மா வாறவுக சிலிண்டரா தூக்கிட்டு வருவாவ?"

என் மனைவியும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டிருந்தாள்.

முத்துக்கனி மறுபடி போனைப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. குரல் இறங்கிவிட்டது. "வந்தது வந்துட்டிய... ஒரு தடவ உள்ள பாத்துச் சொல்லிருங்க அண்ணாச்சி."

இறங்கினோம். வாந்தி வரவில்லை. பயமும் வரவில்லை. உண்மையில் என்னைப் பற்றிய நினைப்பே வரவில்லை. கீழே அப்படி ஓர் அமைதி. வெட்டிய பாறை படிப்படியாக இறங்கியது. சுவரில் வெடிவைக்கத் துளைத்த ஓட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி மீன். வேறொரு நாள் என்றால் சொக்கிப்போயிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு நிழலும் ஒரு ஆளாகத் தெரிந்தது. ஓர் ஓரத்தில் நீளமாக ஏதோ கிடந்தது. ஜெரால்டின் கையை இறுக்கிப் பிடித்தேன். அவர் மெல்லப் புரட்டினார். உரச்சாக்கு. உள்ளே வெறும் சரளை.

நாலு மூலையும் தடவிப் பார்த்தோம். ஒன்றும் கிடைத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இவ்வளவு கவனமாக நான் எதையும் தேடியதில்லை.

மேலே வந்து வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டுக் கத்தினேன். "ஒண்ணுமில்ல!"

முத்துக்கனி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னதற்காக ஒருவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது அதுதான் முதல் முறை.

நாங்கள் கரையேறி உடையைக் கழற்றுவதற்குள் மகன் பைக்கில் வந்து சேர்ந்தான். திருச்செந்தூரில் முடி வெட்டப் போனவன், போனை வண்டி டேங்க் கவரில் வைத்துவிட்டானாம். அம்மா முதலில் முதுகில் ரெண்டு வைத்தார். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்தவர், விடவே இல்லை.

நான் அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஊரில் சொல்லிவிட்டு இறங்கியிருக்க வேண்டும் என்றேன். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கினேன், விளிம்பில் நின்றவர்களிடம் வாங்கவில்லையே... என்றெல்லாம் நீளமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எந்தூரு அண்ணாச்சி நீங்க?"

"தூத்துக்குடி."

மகனின் மணிக்கட்டை விடாமலே கேட்டார்: "ஏன், அங்கன கடலு வத்திப்போச்சா?"