கண்ணாடிக்கடைக்காரரின் கலப்பைகள்

மனுஷன் ஆயுசில் ஒருநாள்கூட ஏர் பிடித்ததில்லை. புழுதி பட்டாலே தும்முவார். பிழைப்புக்குத் தெருவைப் பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை, குடியிருக்க அதற்கு நேர் மேலே மூன்று அறை. அந்த மூன்று அறையில்தான் கண்ட இடத்துப் பழைய கலப்பைகளையெல்லாம் கொண்டுவந்து அடைத்து வைத்திருந்தார் நம்ம கண்ணாடிக்கடைக்காரர். கூடத்தில் கலப்பை, கட்டிலுக்கடியில் கலப்பை, குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் ஒன்று. அந்த வீட்டுக்குப் போய்க் காலில் அடிபடாமல் திரும்பியவர் யாரும் கிடையாது.

அவர் மனைவி பாவம், கலப்பைகளின் மேழிப் பிடிகளில் ஈரத்துணி காயப்போட்டுக் காலத்தை ஓட்டினாள். அதற்கும் சண்டை. "ஈரம் பட்டா இரும்பு என்னத்துக்கு ஆகும்? கொஞ்சமாச்சும் இரக்கம் இருக்கா உனக்கு?" என்று குதிப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் லென்ஸ் துடைக்கிற மெத்தென்ற துணியை எண்ணெயில் நனைத்து ஒவ்வொரு கலப்பையாகத் துடைத்துக்கொண்டிருப்பார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பழைய கலப்பையைச் சுரண்டக்கூடாது, பெயிண்ட் அடிக்கக்கூடாது. உழுது உழுது கொழுமுனை தேய்ந்த தேய்மானமும், நாள்பட்ட அந்தக் கறுத்த நிறமும்தான் அதற்கு உயிர் என்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். அவள் போயும் போயும் யாரைக் காதலித்தாள் தெரியுமா? பழைய இரும்புக்கடைக்காரர் மகனை! இவர் ஒரு கலப்பைக்காகப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் லாரியில் வந்து அள்ளிப்போட்டு உலைக்கு அனுப்புகிறாரே, அதே மகானுபாவர் பெற்ற பிள்ளை.

"கலப்பையை உருக்குறவன் வீட்டுக்கு என் பொண்ணா? நடக்காது."

"நான் கட்டிக்கப்போறது அவங்க பையனைப்பா, உலையை இல்ல," என்றாள் மகள். "நீங்க சரின்னு சொல்லாம போகமாட்டேன். வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுதால் அவருக்குத் தாங்காது. ஆனாலும் வீம்பு விடுமா? ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசாமல் வாரக்கணக்கில் திரிந்தார்கள். கடைசியில் மனைவிதான் இவரைக் கேட்காமலே பையன் வீட்டாரை ஒரு சாயங்காலம் டீக்கு அழைத்துவிட்டாள்.

பையனும் அப்பாவும் வந்தார்கள். வாட்டசாட்டமான இரும்புக்கடைக்காரர் சாக்கு சுற்றிய எதையோ தோளில் சுமந்து, மூச்சிரைக்கப் படியேறி, கூடத்தில் இறக்கிச் சாக்கை அவிழ்த்தார். கலப்பை! அதுவும் கொழுவை வலமும் இடமும் மாற்றிப் போட்டு உழுகிற பழைய ரகம். இதைத் தேடித்தான் கண்ணாடிக்கடைக்காரர் வருஷக்கணக்கில் நாயாய் அலைந்தார். ஆனால் உடம்பெல்லாம் கிளிப்பச்சைப் பெயிண்ட். மேழிக்கு மஞ்சள். கொழுவோ புது எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது.

"உங்களுக்கு இதுதான் உசுராமே. துருவோட குடுத்தா மரியாதையா இருக்காதுன்னு நானே மெஷின்ல வச்சுச் சுரண்டி, ரெண்டு கோட்டு அடிச்சேன்," என்றார் அவர் வெட்கப்பட்டுக்கொண்டே. விரலெல்லாம் பச்சை.

கண்ணாடிக்கடைக்காரர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். எதிரே மகள் டீத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டில் கோப்பைகள் கடகடவென்று நடுங்கின. வாயை மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

"அட, சந்தோஷத்துல அழுறாரே!" இரும்புக்கடைக்காரர் தன் கண்ணையும் துண்டால் ஒற்றிக்கொண்டார். "அழாதீங்க. கிடங்குல இன்னும் பதினோரு கலப்பை கெடக்கு. உலைக்கு அனுப்பாம உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். நாளைக்கே எல்லாத்தையும் சுரண்டிப் பச்சை அடிச்சு..."

"ஐயையோ, தொடாதீங்க!"

வீடே அதிர்ந்தது. மகள் முகம் வெளிறிப்போயிற்று. கெட்டது குடி என்று மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கடைக்காரர் பாய்ந்து போய் அந்தப் பச்சைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதுக்குச் சிரமப்படணும், சம்பந்தி? காலையில நானே வந்து அப்படியே ஏத்திக்கிறேன், சம்பந்தி!"

சம்பந்தியா! பையன் எழுந்தேவிட்டான். மகள் தட்டைப் பொத்தென்று வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"அது சரி, பதினோரு கலப்பையையும் எங்க வைக்கிறதாம்? என் தலையிலயா?" என்று கேட்டாள் மனைவி.

"ஏன், இவ ரூம்தான் காலியாகப்போகுதே!" என்றார் அவர் உற்சாகமாக.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. மகளைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சரிந்து, பெயிண்டையெல்லாம் மறந்து, கேவிக் கேவி அழுதார்.