பஞ்சு ஏன் செத்தது?

நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த எங்கள் முயல் பஞ்சு, இன்று காலை கூண்டில் செத்துக் கிடந்தது.

கூடையில் வைத்து, வீட்டுக்காரரோடு மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். "எப்படிங்க திடீர்னு?"

"திடீர்னு இல்லம்மா. முயலு வலிய வெளிய காட்டிக்காது. தீனி குறைஞ்சுதா?"

குறைந்துதான் இருந்தது. மரக்காணம் வெயிலுக்கு என்று நினைத்துவிட்டோம். அழுகை வந்தது.

திரும்பிப் பார்த்தால், வீட்டுக்காரர் வலது காலை இடது காலுக்குப் பின்னால் மறைக்கிறார். உப்பள வேலையில் கிழித்துக்கொண்ட புண். ஒரு வாரமாக அந்த உப்புத்தண்ணியிலேயே நின்றுவிட்டு வந்து, "ஒண்ணும் இல்ல, நீ போ" என்று நொண்டுகிறார்.

"டாக்டர், இவருக்கும் தீனி குறைஞ்சிடுச்சுங்க," என்றேன்.

இதை ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் முறைக்கிறார்.

உங்கள் வீட்டில் எத்தனை முயல்?