கல்லூரி மாறப் போன பிள்ளைகள்

விளையாட்டுக்காரப் பிள்ளைகளை ஜெர்மனியிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் புலமைப்பரிசிலோடு அனுப்பிவைப்பது எங்கள் தொழில். அனுப்புவது பெரிய காரியமில்லை, போன பிள்ளை "இந்தக் கல்லூரி சரிவராது, வேறொன்றுக்கு மாறப்போகிறேன்" என்று எழுதுகிற அன்றுதான் எங்களுக்குத் தலையிடி தொடங்கும்.

பான் நகரத்தில் மூன்று பேர் இருக்கும் சிறிய அலுவலகம். முதலாளி பழைய ஹொக்கி வீரர். அவர் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வருவார். அவர்களின் பத்திரங்களைப் பார்ப்பது நான். மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, அது பிழையாகிப்போனால் ஏச்சும் வாங்குகிற உத்தியோகத்தில் நீங்களும் இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்கு உடனே விளங்கும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சாவியைத் திருப்பிக் கேட்டார்கள்

லேனா லைப்சிக்கிலிருந்து போன நீச்சல்காரி. இரண்டாம் வருடத்தில் பயிற்றுநரோடு ஒத்துவரவில்லை. மாற விரும்புகிறவர்கள் பெயர் பதிவதற்கென்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் விழுந்தால் எல்லாக் கல்லூரிப் பயிற்றுநர்களும் பார்க்கலாம். வேறொரு கல்லூரியில் நீந்திக்கொண்டிருந்த சிநேகிதி, "எங்கள் கோச் உன்னைப் பற்றிக் கேட்டார்" என்று எழுதினாளாம். அதை நம்பி, எங்களிடம் ஒரு சொல் கேட்காமல், லேனா ஒரு வெள்ளிக்கிழமை பெயரைப் பதிந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவளுடைய அலுமாரிச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். அந்தத் தவணையோடு புலமைப்பரிசில் முடிகிறது என்று கடிதமும் வந்தது. பெயர் பதிந்தவருக்காக இடத்தை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் பழைய கல்லூரிக்கு இல்லை. அது ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. புறப்படுவதற்கு முன் நான் வாசித்துக் காட்டியும் இருந்தேன். புறப்படுகிற சந்தோஷத்தில் யார் காதில் அது ஏறும்? சிநேகிதியின் கோச் பதிலே போடவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, பெயரை எடுத்துவிடுகிறேன், திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பழைய பயிற்றுநரிடம் போய் அழுதாள். அவர் கோபப்படவில்லையாம். அதைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்றாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீ போகிறேன் என்று சொன்னாய், நான் நம்பினேன். உன் இடத்தில் இப்போது வேறொருத்தி நீந்துகிறாள்."

தொலைபேசியில் வந்த வாக்கு

பிரவீனுடைய அப்பா வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை செய்கிறவர், கோயம்புத்தூர்க்காரர். பையன் டென்னிஸில் கெட்டிக்காரன், ஏற்கெனவே அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தான். பெரிய கல்லூரி ஒன்றின் பயிற்றுநர் நேரே அழைத்து, "உனக்கு இடம் இருக்கிறது, வந்து சேர்" என்றார். எழுத்தில் வரட்டும், பொறு என்று நான் சொன்னேன். கேட்டால் அவர் மனம் மாறிவிடுவாரோ என்று பையனுக்குப் பயம். பழைய கல்லூரியை விட்டுவிட்டான்.

வகுப்புத் தொடங்க இருபது நாள் இருக்கும்போது அந்தப் பயிற்றுநர் வேறு கல்லூரிக்கு வேலை மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தன்னுடைய ஆட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். இவனைத் தெரியவே தெரியாது என்றார். எங்கேயும் பதிவு இல்லாமல் மாணவர் வீசாவில் அங்கே இருக்க முடியாது. பையன் இரண்டு பெட்டியோடும் ராக்கெட் பையோடும் பிராங்க்ஃபர்ட்டில் வந்து இறங்கினான். அடுத்த வாரம் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். சண்டை பிடிக்க வருகிறார் என்று நினைத்து நான் மின்னஞ்சல்களை எல்லாம் அச்செடுத்து வைத்திருந்தேன். அவர் அவற்றைத் தொடவில்லை. கோப்பியை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "என் டீம்ல எழுத்துல இல்லாம ஒரு நாள் லீவுகூட அப்ரூவ் பண்ண மாட்டேன் சார். என் பையன் விஷயத்துல ஒரு ஃபோன் காலை நம்பி இருந்துட்டேன்."

காலுக்கு இடம் உண்டு

யோனாஸ் நீளம் பாய்கிறவன். மூன்று வருடம் ஒழுங்காகப் படித்தும் இருந்தான். மாறிய இடத்தில் அவன் முன்னர் படித்த பாடங்களில் பாதியைக்கூட ஏற்கவில்லை. அங்கே விளையாட வேண்டுமென்றால் பட்டப்படிப்பில் குறித்த அளவு முடித்திருக்க வேண்டும். பாடங்கள் வெட்டுப்பட்டதால் அவன் அந்த அளவுக்குக் கீழே போய்விட்டான். பாய முடியாது, பாயாதவனுக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசிலும் கிடையாது. ஒரு வருடம் பார்வையாளர் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, பட்டமும் இல்லாமல் திரும்பி வந்தான். இப்போது டோர்ட்மண்டில் மின்னிணைப்பு வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறான், தன்னைவிட ஏழு வயது குறைந்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில். மாறிய கல்லூரியில் பாடங்களை மதிப்பிட்ட அலுவலர் அவனிடம் சொன்னதை அவன் எனக்கு அப்படியே எழுதியிருந்தான்: "உன் கால்களை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நீ படித்ததைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை."

நிரப்பாத கட்டம்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஷெரின் கிறேஃபெல்ட் பிள்ளை. அப்பா மன்னார்க்காரர், பெரிய வெதுப்பகம் ஒன்றில் பாண் சுடுகிற வேலை. அவள் பெண்கள் உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளர். முதல் கல்லூரியில் ஒரே பருவத்தில் இரண்டு தரம் தலையில் அடி. ஒருமுறை கம்பத்தில் மோதினாள், ஒருமுறை எதிராளியின் முழங்கால் பட்டது. இரண்டு தரமும் சில வாரம் ஓய்வு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவளை ஆட்டத்தில் இறக்கப் பயந்தார்கள். மாற்று ஆட்டக்காரர் வாங்கில் உட்கார்ந்தே ஒரு வருடம் போனது. அப்போதுதான் வேறு கல்லூரி ஒன்று அவளைக் கேட்டது.

புதிய கல்லூரியின் மருத்துவப் படிவத்தில் ஒரு கட்டம்: முன்னர் தலையில் அடிபட்டதுண்டா? பிள்ளை எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அங்கிள், ஓம் எண்டு போட்டால் அவை என்னை எடுக்க மாட்டினம். போடாட்டி அவைக்குத் தெரிய வராது. நான் என்ன செய்ய?"

பழைய கல்லூரி அவளுடைய கையெழுத்து இல்லாமல் மருத்துவக் கோப்பை யாருக்கும் கொடுக்காது. அது எனக்குத் தெரியும். எழுது பிள்ளை, எழுதாமல் போகாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் அந்த ஒரு வருடம் எப்படிக் குமைந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். "உங்களுக்குச் சரியெண்டு படுறதைச் செய்யுங்கோ" என்றேன். வாயால் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போது நிம்மதியாகவும் இருந்தது. அவள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினாள்.

ஆகஸ்ட் மாதம், பருவம் தொடங்க முன் நடந்த பயிற்சியில், பெரிய அடிகூட இல்லை, பக்கவாட்டில் விழுந்து தலை தரையில் பட்டது. எழும்பி நின்றாளாம். பிறகு எந்தக் கோலுக்குள் நிற்பது என்று கேட்டாளாம்.

எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். சன்னல் மறைப்பை இறக்கிவிட்ட அறை. இரண்டு வரி வாசித்தால் வாந்தி வருகிறது. கணித ஆசிரியையாக வேண்டும் என்று படித்த பிள்ளை. நரம்பியல் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க டெர்மின் கிடைத்தது; பழைய மருத்துவக் கோப்பு முழுக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதை எடுத்துத்தரச் சொல்லி, மகள் கையெழுத்திட்ட கடிதத்தோடு அப்பா வந்தார். வேலையால் நேரே வந்திருந்தார், சட்டைக் கையில் மா. நான் கோப்பை எடுப்பித்து, அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டாவது அடியின் திகதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணை, இது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்" என்றேன்.

"பிள்ளை எங்களுக்குச் சொல்லேல்லை."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி, பையில் வைத்து, எழும்பி, கதவடியில் நின்று சொன்னார்: "நான் மா குழைக்கிறவன், எனக்குத் தெரியாமல் போகலாம். நீங்கள் தெரிஞ்சுகொண்டு இருந்தனீங்கள், அண்ணை."

பயமுறுத்தாதீர்கள்

அதற்குப் பிறகு நான் எவருக்கும் மழுப்பிப் பதில் சொல்வதில்லை. போன மாதம் மியுன்ஸ்டரைச் சேர்ந்த கரப்பந்தாட்டக்காரி ஒருத்தி, விடுமுறைக்கு வந்த இடத்தில், மாறப்போகிறேன் என்று அலுவலகத்துக்கு வந்தாள். மேலே உள்ள நாலு கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவளுடைய முழங்கால் பற்றிய அறிக்கையை அனுப்பாவிட்டால் விண்ணப்பத்தில் கைவைக்க மாட்டேன் என்றும் சொன்னேன். முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள் என்றார். அவள் கவனமாகக் கேட்டாள், இடையிடையே தலையாட்டினாள், எல்லாம் முடிந்ததும் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். "பாவம் அவர்கள். எனக்கு அப்படி நடக்காது, என்னை அவர்களே தேடி வந்திருக்கிறார்கள்."

மாறிப் போய் நல்லாய் இருக்கிறவர்கள் நிறையப் பேர் என்று முதலாளி சொல்கிறார், இருக்கும், ஆனால் நல்லாய் இருக்கிறவர்கள் யாரும் எனக்கு ஃபோன் எடுப்பதில்லை.